வீடு திரும்புவது யார் இஷ்டம்?

சிரியா தேசத்தில் தகப்பனும் மகனுமாய் 50 வருஷங்களுக்கு மேல் நடத்தி வந்த அசாத் குடும்பத்தின் சர்வாதிகாரம் 2024 டிசம்பர் 8ந் தேதி ஒழிந்தது. ஜெர்மனியிலிருந்த சிரியா அகதிகள் தெருவில் கூடி ஆனந்தங் கொண்டாடினார்கள். மறுநாளே ஜெர்மன் சர்க்கார் அவர்களுடைய அடைக்கல மனுக்களின் மீது முடிவு சொல்வதை நிறுத்தி வைத்தது. ஆஸ்திரியாவோ திருப்பியனுப்பத் திட்டம் போடுவதாகவே சொல்லிற்று!

கொடுங்கோலன் ஓடியது வாஸ்தவந்தான். ஆனால் இடிந்த வீடு ஒரே இரவில் எழும்பிவிட்டதா? செட்னாயா சிறையில் மாண்ட பிள்ளை திரும்பி வந்துவிட்டானா? 2025 மார்ச்சில் கடற்கரைப் பக்கத்தில் அலவி வகுப்பார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதே, மதவெறி சர்வாதிகாரியோடு கூட ஓடிவிடவில்லை என்பதற்குப் போதிய அத்தாட்சியல்லவா?

ஜெர்மனியில் சுமார் 6,000 சிரியா டாக்டர்கள் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்து வந்தார்கள். கை பிடித்து நாடி பார்க்கும்போது வேண்டியவன், அவனுடைய தேசத்து ஆட்சி மாறியதும் வேண்டாதவனா? 2015ல் மூனிச் ரயில் நிலையத்தில் அகதிகளைக் கைதட்டி வரவேற்ற ஜெர்மானிய ஜனங்களுக்கு இது பெருமையாகுமா?

சொந்த ஊர் ஆசை அகதியின் சொத்து. அதைக் காட்டியே அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது அயோக்கியத்தனம். ஆகவே, போக விரும்புகிறவன் போகட்டும். இருக்க விரும்புகிறவன் மனிதனாய் இருக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.