செல்வம் இருபுறமும், பொறுமை ஒருபுறம்: மான்ஹைம், பெர்லின் அணிகளின் அடுத்த பருவம்

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள வால்டோர்ஃப் என்ற சிற்றூரை, எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் இடமாகத் தமிழர்கள் பலர் அறிவார்கள். ஐபிஎம் நிறுவனத்தை விட்டு விலகிய ஐவர் 1972இல் தொடங்கிய அந்த நிறுவனம் உருவாக்கிய செல்வம், மென்பொருளோடு நின்றுவிடவில்லை. ஐவரில் ஒருவரான டீட்மார் ஹாப்பின் பணம், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மான்ஹைம் நகரின் ஐஸ் ஹாக்கியையும் மாற்றியமைத்தது.

செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் ஜெர்மன் ஐஸ் ஹாக்கி லீக்கின் அடுத்த பருவத்தை எதிர்நோக்கும்போது, வழக்கம்போல இரண்டு பெயர்கள் முன்னிற்கின்றன. ஒன்று, 'கழுகுகள்' என்று பொருள்படும் ஆட்லர் மான்ஹைம். மற்றொன்று, 'பனிக்கரடிகள்' என்று பொருள்படும் ஐஸ்பேரன் பெர்லின்.

இரு வேறு பிறப்புகள்

பெர்லின் அணியின் வேர் கிழக்கு ஜெர்மனியில் உள்ளது. அரசுப் பாதுகாப்புத் துறைகளின் ஆதரவில் இயங்கிய டைனமோ விளையாட்டு அமைப்பின் அணியாக அது இருந்தது. செலவு அதிகம், ஒலிம்பிக் பதக்க வாய்ப்புக் குறைவு என்று கருதிய அன்றைய அரசு, 1970இல் உயர்நிலை ஐஸ் ஹாக்கியைப் பெர்லின், வைஸ்வாஸர் ஆகிய இரண்டு அணிகளோடு சுருக்கிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அவ்விரு அணிகள் மட்டுமே தேசியப் பட்டத்துக்காகத் தமக்குள் மோதிக்கொண்டன.

சுவர் வீழ்ந்த பிறகு கடன் சுமையில் தத்தளித்த பெர்லின் அணியை, 1990களின் இறுதியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் பிலிப் ஆன்ஷூட்ஸின் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணியின் உரிமையாளரும் அவரே.

மான்ஹைமின் கதை வேறு. 1980இல் மேற்கு ஜெர்மனியின் பட்டத்தை முதன்முறையாக வென்ற அந்நகர அணி, 1997இல் இருந்து 1999 வரை தொடர்ந்து மூன்று முறை லீக் சாம்பியன் ஆனது. ஹாப்பின் நிதியில் எழுந்த எஸ்ஏபி அரங்கத்துக்கு 2005இல் அது குடிபெயர்ந்தது. அவருடைய மகன் டேனியல் ஹாப் கழகத்தின் நிர்வாகத்தில் நீண்ட காலம் முதன்மை வகித்தார்.

ஜெர்மன் கால்பந்தில் கழக உறுப்பினர்களிடமே பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. ஹோஃபன்ஹைம் கால்பந்துக் கழகத்தில் அந்த விதிக்கு விலக்குப் பெற்றதால் ரசிகர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த டீட்மார் ஹாப், 2023இல் அந்தச் சிறப்புரிமையைத் திருப்பி ஒப்படைத்தார். ஐஸ் ஹாக்கியில் இத்தகைய தடை இல்லை. ஆகவே அங்கு உரிமையாளரின் மனப்போக்கே கழகத்தின் கொள்கையாகிறது. அடுத்த பருவத்தைப் பற்றிய கேள்வியும் இங்கிருந்தே தொடங்குகிறது.

பட்டங்கள் சொல்லும் கணக்கு

இரு அணிகளும் 1998, 2005, 2012 ஆகிய ஆண்டுகளில் இறுதிச் சுற்றில் நேருக்கு நேர் மோதின. முதலாவதில் மான்ஹைமும், அடுத்த இரண்டில் பெர்லினும் வென்றன. 2012 தொடரின் நான்காவது ஆட்டத்தை மான்ஹைம் ரசிகர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வென்றால் பட்டம் என்ற நிலையில், சொந்த அரங்கில், கடைசிப் பகுதியில் 5-2 என்று முன்னிலை வகித்த அணி, கூடுதல் நேரத்தில் 6-5 என்று தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தில் பட்டமும் கைநழுவியது.

மான்ஹைம் 2015இலும் 2019இலும் மீண்டும் சாம்பியன் ஆனது. ஆனால் கொரோனாவால் பட்டம் வழங்கப்படாத 2020ஐத் தொடர்ந்து, 2021 முதல் 2025 வரை நடந்த ஐந்து பருவங்களில் நான்கைப் பெர்லின் வென்றது. எஞ்சிய ஒன்று, 2023இல் மியூனிக் அணிக்குச் சென்றது. 2025 முடிய பெர்லினின் லீக் பட்டங்கள் 11, மான்ஹைமின் லீக் பட்டங்கள் 7.

இரு தரப்பிலும் பணம் உண்டு. பதினான்காயிரம் பேர் வரை அமரக்கூடிய அரங்கங்கள் உண்டு. அப்படியானால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

2022-23 பருவத்தில் நடப்புச் சாம்பியனான பெர்லின் பதினோராவது இடத்துக்குச் சரிந்து, நாக் அவுட் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. பல கழகங்களில் அத்தகைய தோல்விக்குப் பின் முதலில் வெளியேற்றப்படுபவர் பயிற்சியாளர்தான். பெர்லின் நிர்வாகமோ 2019இல் பொறுப்பேற்ற கனடியரான சேர்ஜ் ஓபானைத் தொடர்ந்து பணியில் வைத்திருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்த அணியே சாம்பியன்.

அதே காலத்தில் மான்ஹைம் எதிர்த்திசையில் சென்றது. 2019இல் பட்டம் வென்று தந்த பாவெல் குரோஸ் 2022 மார்ச்சில் நீக்கப்பட்டார். பில் ஸ்டூவர்ட், யோஹான் லுண்ட்ஸ்கோக், டாலஸ் ஈகின்ஸ் என்று 2023 நவம்பருக்குள் மூன்று பேர் அடுத்தடுத்து அந்த இருக்கையில் அமர்ந்தனர். ஒவ்வொரு பயிற்சியாளரும் தமக்கேற்ற வீரர்களை நாடுவார். முந்தையவரின் தேர்வுகள் சுமையாகிவிடும். 2025 அரையிறுதியில் மான்ஹைமை வெளியேற்றியதும் பெர்லின்தான்.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. 2009இல் பொறுப்பேற்ற ஸ்டீஃபன் பிளெமிங்கை, தோல்வி கண்ட பருவங்களிலும் அந்த நிர்வாகம் மாற்றவில்லை.

கவனிக்க வேண்டியவை

ஐபிஎல் அணியில் நான்கு வெளிநாட்டவர் மட்டும் ஆடலாம் என்பதுபோல, ஜெர்மன் லீக்கிலும் வரம்பு உண்டு. 2024-25 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது வெளிநாட்டு வீரர்களுக்கே அனுமதி இருந்தது. எனவே திறமையான ஜெர்மன் வீரர்களை உருவாக்குவதும் தக்கவைப்பதும் வெற்றிக்கு அடிப்படையாகின்றன.

இதில் மான்ஹைமின் இளையோர் பயிற்சித் திட்டத்துக்கு ஈடு சொல்வது கடினம். லியோன் டிரைசைட்டில், மோரிட்ஸ் சைடர், டிம் ஸ்டூட்ஸ்லே ஆகிய மூவரும் அங்கு வளர்ந்தவர்கள். ஆனால் மூவரும் இளம் வயதிலேயே வட அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டனர். அந்த இழப்பை வெளிநாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்பும் அவசரமே அணியின் தொடர்ச்சியைக் குலைக்கிறது என்று கருத இடமுண்டு.

இப்போது தோல்வியின் விலையும் கூடியிருக்கிறது. நீண்ட காலம் மூடிய அமைப்பாக இருந்த இந்த லீக்கில், தரமிறக்கம் மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. எட்டு முறை ஜெர்மன் சாம்பியனான டுசல்டார்ஃப் அணி 2025இல் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. பழம்பெருமை எவரையும் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பதினான்கு அணிகள், ஐம்பத்திரண்டு ஆட்டங்கள், அதன் பின் ஏழு ஆட்டங்கள் வரை நீளும் நாக் அவுட் தொடர்கள். இத்தனை நெடிய பருவத்தில் செப்டம்பர் மாத வெற்றிகள் அதிகம் பேசுவதில்லை. நவம்பரில் நான்கைந்து தோல்விகள் தொடர்ந்து வரும்போது ஒரு நிர்வாகம் என்ன செய்கிறது என்பதே ஏப்ரலில் கோப்பையை யார் ஏந்துவார் என்பதை முன்கூட்டிச் சொல்லும். கடந்த சில ஆண்டுகளில் அந்தச் சோதனையில் பெர்லின் தேறியது, மான்ஹைம் தடுமாறியது. வால்டோர்ஃபின் செல்வம் அரங்கத்தையும் பயிற்சிக்கூடத்தையும் கட்டித் தந்துவிட்டது. ஒரு பயிற்சியாளருக்குப் போதிய கால அவகாசத்தை அது தருமா என்பதுதான் அடுத்த பருவம் எழுப்பும் கேள்வி.