பேட்டி முடிஞ்சது... நீ என்ன கேட்ட?

பதில் தெரியாம கோட்டை விட்ட கதை நம்மகிட்ட செமஸ்டருக்கு ஆறு இருக்கு. இந்த வாரம் சொல்லப் போறது வேற. கேள்வியையே கேட்காம கோட்டை விட்ட கதை!

நமக்குச் சொந்த ஊர் தலைச்சோலை. "அது எங்கப்பா இருக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்காக... சேலத்துல பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுலயும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஏற்காடு வந்து சேருங்க. அங்கேருந்து இன்னும் கொஞ்சம் மலைக்குள்ள வந்தா எங்க ஊர். காபிச் செடி, மரத்துல ஏறுற மிளகுக் கொடி, காசு வாங்காத ஏ.சி!

மே மாசம் ஏற்காட்டுல கோடை விழா. மலர்க் கண்காட்சியைத் திறக்க அமைச்சர் வர்றார், அப்படியே பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார்னு தகவல். "உன் ஊர்தானே, நீயே போயிட்டு வா"ன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கழுத்துல காலேஜ் ஐ.டி. கார்டு, கையில புது நோட்டு. கெத்தா கிளம்பிட்டேன்.

என்கிட்ட ஒரு கேள்வி ரெடியா இருந்தது. போன வருஷம் ஒரு மழை ராத்திரியில எங்க ஆயா வழுக்கி விழுந்துட்டாங்க. கரன்ட் இல்ல. கரன்ட் போனா கொஞ்ச நேரத்துல செல்போன் சிக்னலும் போயிடும். 108-க்கு போன் பண்றதுக்காக எங்க சித்தப்பா டார்ச் லைட்டோட மேட்டுக்கு ஓடினார். முக்கால் மணி நேரம் ஆயா வலியில துடிச்சாங்க. அதனால கேள்வி சிம்பிள்: "சிக்னல் இல்லாத மலைக்கிராமத்துல ராத்திரி 108-ஐ எப்படிக் கூப்பிடுறது, சார்?"

அமைச்சர் வந்தார். சேலத்துலேருந்து வந்த அண்ணன்கள் அவர் முன்னாடி மைக்கை அடுக்கினாங்க. சுற்றுலா வளர்ச்சி பத்திப் பத்து நிமிஷம் பேசினார். அப்புறம் கேள்விகள் ஆரம்பம். கூட்டணி உண்டா? எதிர்க்கட்சித் தலைவர் நேத்து சொன்னதுக்கு என்ன பதில்? டெல்லியில என்ன நடக்குது? நின்னுக்கிட்டிருந்தது என்னவோ ஏற்காட்டுல. கேள்வி எல்லாம் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்க்கிட்டிருந்தது. நான் ரெண்டு தடவை "சார்..."னு ஆரம்பிச்சேன். அது எனக்கே கேட்கலை! "சரி, நன்றி வணக்கம்." கார் போயே போச்சு.

ராத்திரி ஆயா ஆசையா கேட்டாங்க. "மந்திரியப் பார்த்தியா கண்ணு?"

"பார்த்தேன் ஆயா. என்னென்னமோ சொன்னார்..."

"அவர் சொன்னது இருக்கட்டும். நீ என்ன கேட்ட?"

நோட்டை மூடிட்டேன்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு இது ஈஸியா புரியும். ஹாஸ்டல்ல திருட்டுத்தனமா போடுற வாட்டர் ஹீட்டர் ராடு இருக்கே, அது ஓப்பன் லூப். தண்ணி கொதிச்சாலும், வத்தினாலும் அதுக்குத் தெரியாது. பாட்டுக்கு எரியும். தெர்மோஸ்டாட் வெச்ச அயர்ன் பாக்ஸ் க்ளோஸ்டு லூப். சூடு ஏறினா தானா நிறுத்திக்கும். தலைவர்கள் பேச்சும் இதே கதைதான் பாஸ். கேள்வி இல்லாத பேச்சு, ஹீட்டர் ராடு!

நேரு அந்தக் காலத்துல டெல்லியில அடிக்கடி நிருபர்களைச் சந்திப்பார். உடம்பு ரொம்ப முடியாம இருந்த 1964 மே 22-ம் தேதிகூட சந்திச்சார். உங்களுக்கு அப்புறம் யாருங்கிற கேள்வி வந்தது. என் ஆயுசு அவ்வளவு சீக்கிரம் முடியப் போறதில்லைங்கிற மாதிரி பதில் சொன்னார். அஞ்சே நாள்ல, மே 27-ம் தேதி, இறந்துட்டார். மனசு கனக்குது இல்ல? ஆனா பிரதமர் முகத்துக்கு நேராவே அந்தக் கேள்வியைக் கேட்க முடிஞ்சதுங்கிறதும் பெரிய விஷயம்.

மன்மோகன் சிங்கை 'பேசாத பிரதமர்'னு கிண்டல் பண்ணினோம். அவர் 2014 ஜனவரி 3-ம் தேதி நூத்துக்கும் மேல நிருபர்கள் முன்னாடி உட்கார்ந்து, ஊழல் உட்பட எல்லாக் கேள்விக்கும் முகம் கொடுத்தார். பேச்சுல பின்னியெடுக்கிற மோடி, 2019 மே 17-ம் தேதி கட்சி ஆபீஸ் பிரஸ் மீட்டுக்கு வந்தார். கேள்விகளுக்குப் பதில் சொன்னது பக்கத்துல இருந்த அமித் ஷா. நம்ம சட்டசபையிலயும் விதி 110-னு ஒண்ணு உண்டு. அதுல அறிக்கை வாசிச்சா விவாதம் கிடையாது. 2011-லேருந்து 2016 வரைக்கும் ஜெயலலிதா ஏகப்பட்ட திட்டங்களை அந்த விதியிலதான் அறிவிச்சாங்க. கட்சி எதுவா இருந்தாலும் பேசுறவங்களுக்குப் பிடிச்சது ஓப்பன் லூப்தான் போல!

கேட்கிறவங்களுக்கும் இது ஈஸி இல்ல. 2018 ஏப்ரல்ல கவர்னர் பன்வாரிலால் புரோகித் நடத்தின பிரஸ் மீட்ல கேள்வி கேட்ட ஒரு பெண் நிருபருக்குக் கிடைச்சது பதில் இல்ல, கன்னத்துல ஒரு தட்டு. எதிர்ப்பு கிளம்பி, மறுநாள் அவர் மன்னிப்பு கேட்டு கடிதம் எழுதினார். அப்படி ஒரு இடத்துல நின்னு கேட்கிறவங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும், யோசிங்க.

வாஷிங்டன்ல நேஷனல் பிரஸ் கிளப்னு ஒண்ணு இருக்கு. 1908-ல ஆரம்பிச்சது. தலைவர்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பேச வைப்பாங்க. கேள்வியைச் சீட்டுல எழுதிக் கொடுத்தா கிளப் தலைவரே வாசிப்பார். என்னை மாதிரி கூச்ச பார்ட்டிக்கு வரப்பிரசாதம்! ஆனா மழுப்பலா பதில் வந்தா, "சார், நான் கேட்டது அது இல்லையே"ன்னு சீட்டால சொல்ல முடியாது. அதுக்கு ஒரு குரல் வேணும்.

சேலத்து சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட புலம்பினேன். டீ வாங்கிக் கொடுத்துட்டு மூணு விஷயம் சொன்னார். "கேள்வி ஒரே வரியில இருக்கணும். 'நடவடிக்கை எடுக்கப்படும்'னு தப்பிக்க முடியாதபடி எப்போ, எத்தனை, யாருன்னு கேளு. முன்னாடி கேட்டவனுக்குப் பதில் வரலேன்னா, உன் கேள்வியை விட்டுட்டு அவன் கேள்வியையே திரும்பக் கேளு." மூணாவதுதான் சூப்பர் இல்ல?

இது நிருபர்களுக்கு மட்டும் இல்ல மக்களே. நம்ம சிம்போசியத்துக்கு சீஃப் கெஸ்ட் வருவார். ஒரு மணி நேரம் பேசுவார். "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்டதும் ஆடிட்டோரியமே செல்போனைக் குனிஞ்சு பார்க்கும். அங்கே வாய் திறக்காதவன், அமைச்சர் முன்னாடி மட்டும் எப்படித் திறப்பான்?

நான் ரெண்டு வேலை பண்ணியிருக்கேன். ஒண்ணு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. 'ஏற்காடு தாலுகாவுல செல்போன் சிக்னல் கிடைக்காத கிராமங்களின் பட்டியல் தரவும்.' 2005-ல வந்த அந்தச் சட்டப்படி 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். நன்றி வணக்கம்னு கார்ல ஏறிப் போயிட முடியாது!

ரெண்டாவது, தினமும் ராத்திரி ஆயா முன்னாடி நின்னு அந்த ஒரு வரிக் கேள்வியைச் சத்தமா சொல்லிப் பார்க்கிறேன். ஆயாதான் அமைச்சர். நேத்து சொன்னாங்க: "இன்னும் கொஞ்சம் சத்தமா கேளு கண்ணு. எனக்கே காதுல விழலை!"