உங்க மூளைக்கு ‘சிவப்பு’ முந்தியா, ‘ரெட்’ முந்தியா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டு மெயில் வந்திருக்கும். உங்க க்ளாஸில் குறைஞ்சது மூணு டீம் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற சிஸ்டம் செய்யப் போறாங்க. செய்யட்டும். ஆனா உங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும்னா, நம்மளைப் பத்தின ஒரு கேள்விக்கே ப்ரவுசரில் பதில் தேடலாம். எம்பெடட் போர்டு வேண்டாம், ஜிபியு வேண்டாம், செலவும் கிட்டத்தட்ட இல்லை.

1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்கிற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனை இது. ஒரு நிறத்தின் பெயரை வேற நிறத்தில் எழுதிக் காட்டுவாங்க. ‘சிவப்பு’ என்கிற சொல் பச்சை நிறத்தில் இருக்கும். நீங்க சொல்லை விட்டுட்டு, எழுத்தின் நிறத்தை மட்டும் சொல்லணும். கேட்க ஈஸி. செஞ்சு பாருங்க, தடுமாறுவீங்க. ஏன்னா வாசிப்பு பழகிட்டா அதை நிறுத்த முடியாது. “வாசிக்காதே”ன்னு நாம சொல்லி முடிக்கிறதுக்குள்ள கண் வாசிச்சு முடிச்சிருக்கும். ரெண்டு மொழி தெரிஞ்சவங்ககிட்ட செய்யும்போது, பொதுவா நல்லாப் பழகின மொழியில்தான் இந்தத் தடுமாற்றம் அதிகமா வரும்.

இங்கேதான் நம்ம கதை வருது. நம்மில் பலர் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுறோம், சண்டை போடுறோம், மீம் போடுறோம். ஆனா டைப் பண்றது ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் வாசிப்பு தானா வருதா, இல்ல கூட்டிப் படிக்கிறோமா? தமிழ் ஸ்ட்ரூப் சோதனையைத் தடுமாறாம முடிச்சீங்கன்னா, அது சந்தோஷப்பட வேண்டிய ரிசல்ட் இல்லை.

இதை வேற யாராவது நமக்காகச் செய்வாங்கன்னு காத்திருக்கவும் முடியாது. உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவங்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே இருக்கிற நாடுகளைச் சேர்ந்தவங்கன்னு ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் மூணு பேரும் 2010-இல் எடுத்துக்காட்டினாங்க. இணையம் வந்ததும் இது தானா மாறிடும்னு நினைச்சா, எம்ஐடியின் ‘மாரல் மெஷின்’ இருக்கு. தானியங்கிக் கார் யாரைக் காப்பாத்தணும்னு கேட்ட ப்ரவுசர் சோதனை. 233 நாடுகள், பிரதேசங்களிலிருந்து கிட்டத்தட்ட 4 கோடி முடிவுகள் சேர்ந்தது. ஆனா அது பேசினது 10 மொழிகளில். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை.

சரி, எப்படிக் கட்டறது? கோடு பெரிய விஷயமே இல்லை. ஜேஎஸ்-சைக் என்கிற இலவச லைப்ரரி இருக்கு; சொல்லைக் காட்டு, கீயை வாங்கு, நேரத்தைக் குறி என்பதெல்லாம் அதில் ரெடியா வரும். தலைவலி நேரத்தில்தான். நாம தேடுற வித்தியாசமே சில பத்து மில்லிசெகண்ட்தான், சில சமயம் நூறு. 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன் புதுப்படம் காட்டுறது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. ‘செட் டைம்அவுட்’டை நம்பினா, ப்ரவுசர் வேற வேலையில் இருக்கும்போது அது லேட்டா வரும், ஸ்க்ரீன் புதுப்பிக்கும் நேரத்தோட ஒட்டிப் போற ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம்’தான் சரி. கீபோர்டு தன் பங்குக்குச் சில மில்லிசெகண்ட் தின்னும். 2018-இல் ஸ்பெக்டர் ஓட்டை வெளியே வந்ததும், பாதுகாப்புக்காக ப்ரவுசர்களே தங்கள் கடிகாரத்தின் துல்லியத்தை வேணும்னே குறைச்சன.

அப்போ ப்ரவுசரில் அளக்கவே முடியாதா? முடியும். ஒரே ஆள், ஒரே லேப்டாப், ரெண்டு வகைச் சொற்கள். லேப்டாப்பின் தாமதம் ரெண்டிலும் இருக்கும். கழிச்சா பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். 2013-இல் க்ரம்ப் குழு, ஸ்ட்ரூப் உட்படப் பல பழைய சோதனைகளை இணையத்தில் திரும்பச் செஞ்சு, பெரும்பாலானதில் அதே விளைவைப் பார்த்தாங்க. செய்யக் கூடாதது, “என் டைம் 412, உன் டைம் 455, நான்தான் ஷார்ப்”னு ரெண்டு பேரை நேரா ஒப்பிடுறது. அங்கே பாதி உங்க மூளை, பாதி உங்க மொபைல். நடுவுல டேபை மாத்தி இன்ஸ்டா பார்க்கப் போனவங்களையும் கண்டுபிடிச்சு விலக்கணும். ப்ரவுசரே அதைச் சொல்லிடும்.

தமிழுக்குன்னே சில சிக்கல் உண்டு, எந்த டுடோரியலிலும் கண்ணில் படாதது. ‘சிவப்பு’ நமக்கு நாலு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டா 7 சொல்லும். மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியா எண்ணும். அதை நம்பி ‘ஒரே நீளச் சொற்கள்’ பொறுக்கினா எல்லாம் தப்பும். தமிழ் ஃபான்ட்டையும் முன்னாடியே லோட் பண்ணிடணும். இல்லேன்னா முதல் சில சொற்கள் வேற உருவத்தில் வந்துட்டுப் போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. கடையில் நாம கேட்கிறது ‘ப்ளூ ஷர்ட்’. ‘நீலச் சட்டை’ன்னு கேட்டா கடைக்காரரே ஒரு மாதிரி பார்ப்பார். அப்போ ‘நீலம்’னு எழுதிக் காட்டி, தடுமாற்றம் வரலைன்னா காரணம் என்ன? எழுத்து பழகலையா, சொல்லே பழகலையா? இதைப் பிரிக்க நாலு கட்டம் போடணும். தமிழ் எழுத்தில் ‘நீலம்’, தமிழ் எழுத்தில் ‘ப்ளூ’, ஆங்கில எழுத்தில் ‘ப்ளூ’, ஆங்கில எழுத்தில் ‘நீலம்’. தமிழ் எழுத்தில் இருக்கிற ‘ப்ளூ’ மட்டும் தடுமாற வெச்சா, எழுத்து பத்திரமா இருக்கு, சொல்தான் போயிருக்கு. ஆங்கில எழுத்தில் ரெண்டு சொல்லும் தடுமாற வெச்சு, தமிழ் எழுத்தில் ரெண்டுமே வெக்கலைன்னா, கைவிட்டுப் போனது எழுத்து. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணு இல்லை. தமிழைக் காப்பாத்தணும்னு மேடையில் பேசுறவங்க இந்த ரெண்டையும் பிரிச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

சோதனைக்கு நம்ம செட்டை மட்டும் உட்கார வெச்சா பாதிக் கதைதான். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படிச்சு வந்தவங்க எல்லா ஹாஸ்டலிலும் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. கேளுங்கன்னா உண்மையாவே கேட்கிறது. 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் நியூஸ் ஃபீடைத் தனியா அனுமதி கேட்காமலே மாத்தி, அவங்க மனநிலையைச் சோதிச்சுது. 2014-இல் வெளியே தெரிஞ்சதும் பெரிய சர்ச்சை ஆச்சு. ஜூனியரை “லிங்கைப் போடுறேன், முடிச்சிடு”ன்னு மிரட்டுறதும் அதே குடும்பம்தான். எதுக்கு இந்தச் சோதனை, எது சேமிக்கப்படும், நடுவுல விலகலாமா என்பதை முதல் பக்கத்தில் நாலு வரித் தமிழில் எழுதுங்க. பெயரும் ரோல் நம்பரும் வேண்டாம். எந்த மீடியம், எந்த வகுப்பு வரை தமிழ் படிச்சாங்க, இது போதும்.

ரிவ்யூவில் “இதில் எம்எல் எங்கே?”ன்னு கண்டிப்பா கேட்பாங்க. இல்லைன்னு சொல்லுங்க.

என் ஊகம் இது. இங்கிலீஷ் மீடியம் ஆட்களுக்குத் தமிழ் எழுத்தில் ‘ப்ளூ’ நல்லாவே தடுமாற வைக்கும், ‘நீலம்’ லேசாதான். ஆங்கில எழுத்தில் எழுதின ‘நீலம்’ எங்கே விழும்னு எனக்கு ஊகிக்க முடியல. உங்க டீம் டேட்டாவோட வந்தா, அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுத் தர்றேன்.