முகமன்று, முதுகே சான்று

பழைய ஆங்கிலக் கிறிக்கெற் வீரரின் படந் தாங்கிய தபாலட்டைகளை விரும்பிச் சேர்ப்போர் இன்றும் பலர். அவர்கட்கு நாம் கூற விழைவது ஒன்றே: அட்டையின் வயதை முகத்திற் காணாது முதுகிற் காண்க.

டாக்டர் கிறேஸ் 1915ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் படத்தை இன்றும் அச்சிடலாம். படம் ஆட்டக்காரரின் காலத்தைக் கூறுமேயன்றி அட்டையின் காலத்தைக் கூறாது. பிரித்தானியாவில் 1902ஆம் ஆண்டு வரை பின்புறம் விலாசத்துக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆதலின், செய்திக்கும் விலாசத்துக்குமெனக் கோடிட்டுப் பிரித்த அட்டை அதற்கு முந்தியதன்று. உள்நாட்டுக்கு அரைப் பென்னி முத்திரை ஒட்டுகவென்னும் குறிப்பு, கட்டணம் ஒரு பென்னியாக உயர்ந்த 1918க்கு முந்திய காலத்தைச் சுட்டும்.

பின்புறத்தையும் அவ்வாறே படியெடுத்தல் கூடுமன்றோ எனின், கூடும். ஆயின் தாள் பொய் கூறாது. புறஊதாக் கதிரில் நீலமாய் ஒளிரும் வெண்மையூட்டிய தாள் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதன்று.

மறுபதிப்புக் குற்றமன்று; பொருள் குறைந்தோரும் அதனாற் பழைய வீரரைக் கண்டு மகிழ்வர். மறுபதிப்பென்னும் குறிப்பைச் சுரண்டி நீக்கி, பழையதென விற்றலே குற்றம். அது வாங்குவோன் பணத்தோடு வரலாற்றையும் கெடுக்கின்றது. நம் ஏடுகளைப் பெயர்த்தெழுதியோர் பலர், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் இறுதியிற் பொறித்தனர். அந்நேர்மையையே மறுபதிப்பாளரிடமும் விற்போரிடமும் நாம் வேண்டுகின்றோம்.