'நரகம்' என்றொரு பாடசாலை

விசேட படைகள் என்றதும் நம்மவரிற் பலருக்கு ஒரு மயக்கம் பிறக்கின்றது. சேற்றிலே தவழ்ந்து, பட்டினி கிடந்து, உறக்கமின்றிப் பயின்று வந்தவன் சாதாரணச் சிப்பாயைக் காட்டிலும் உயர்ந்தவன் என்னும் எண்ணத்தைச் சினிமாவும் மலிவுப் பத்திரிகைகளும் வளர்த்துவிட்டன. அது போகட்டும். நாம் இங்கு எதிர்க்க முன்வந்திருப்பது படித்தவர்கள் கூறும் வாதத்தையே. படுகொலைகள் பயிற்சிக் குறைவால் விளைவன. ஒழுங்கு குலைந்த சிப்பாய்களே அவற்றைச் செய்கின்றனர். நன்கு பயிற்றப்பட்ட படை மக்களுக்குத் தீங்கு செய்யாது என்பர் அவர்கள். வல்லரசுகள் பிற நாட்டுப் படைகளைப் பயிற்றப் பணம் வழங்கும்போதெல்லாம் இந்த நியாயமே கூறப்படுகின்றது.

குவாத்தமாலாவுக்கு இவ்வாதத்தைக் கொண்டு செல்வோம்.

நிலச் சீர்திருத்தம் செய்த ஆர்பென்ஸின் அரசை 1954 இல் சி.ஐ.ஏ. சதி செய்து கவிழ்த்தது. அதன்பின் அந்நாட்டில் ஓங்கிய இராணுவம் 1974 இல் விசேட படையினருக்கென ஒரு பாடசாலையை நிறுவியது. அதிலே தேறியோர் 'கைபில்'கள் எனப்பட்டனர். அப்பெயரின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1525 இல் சக்குலேயு கோட்டையில் ஸ்பானியரை எதிர்த்து நின்ற மாம் இன மன்னனே கைபில் பாலம். அவன் பெயரைச் சூடிக்கொண்ட இராணுவம், அவன் வழிவந்த மாயா மக்களின் கிராமங்களையே எரித்தது. உள்நாட்டுப் போரில் மாண்டோரும் காணாமற்போனோரும் 2 இலட்சத்துக்கு மேல் என்றும், அடையாளங் காணப்பட்ட பலியானோரில் 83 வீதத்தினர் மாயா மக்கள் என்றும் உண்மை ஆணைக்குழு 1999 இல் அறிவித்தது. பெயரையுமா திருடுவது!

இனி அங்கு நடக்கும் படிப்பைப் பார்ப்போம். ஏறக்குறைய இரண்டு மாதப் பயிற்சி. பிற்காலத்தில் பொப்டூனில் அமைந்த பயிற்சித் தளத்துக்கு 'நரகம்' என்றே பெயர். எதிரிகள் இட்ட பெயரன்று, பெருமையோடு தாமே வழங்கிய பெயர். பிராணிகளைக் கொன்று, பச்சையாகவே தின்று, அவற்றின் இரத்தத்தைக் குடிப்பதும் பயிற்சியில் அடங்கும் என்பதை ஆணைக்குழு பதிவு செய்துள்ளது. எந்தப் போர்முனையிலே இது பயன்படும்? கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நம் வாசகர்க்கு விடை கூறத் தேவையில்லை. கையைப் பழக்குவது சிறு பகுதி. ஏழைக் குடியானவனின் மகனை அவன் பிறந்த குடிசையிலிருந்து பிரித்தெடுப்பதே பெரும் பகுதி. அருவருப்பையும் இரக்கத்தையும் வென்றவனே அங்கு சித்தியடைகின்றான்.

டொஸ் எரெஸ் என்னும் ஊருக்கு வருவோம். நிலமற்ற குடும்பங்கள் பெற்றேன் மாகாணத்தின் லா லிபர்ட்டாட் பகுதியில் காடு வெட்டி 1978 இல் அமைத்த சிற்றூர் அது. 1982 ஒக்ரோபரில் கெரில்லாக்கள் இராணுவ அணியொன்றைத் தாக்கித் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். அவை இவ்வூரில் உள்ளன என்று சந்தேகித்த இராணுவம் ஏறத்தாழ இருபது கைபில்களை அனுப்பியது. அவர்கள் புதிய மாணவர்களல்லர், அப்பாடசாலையின் போதனாசிரியர்கள்! கெரில்லாக்களைப் போல வேடமிட்டு, டிசெம்பர் 7 விடியுமுன் ஊருக்குள் நுழைந்தனர். ஆண்களைப் பள்ளிக்கூடத்திலும், பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்திலும் அடைத்தனர். ஒரு துப்பாக்கியும் கிடைக்கவில்லை. எனினும் கொலை நின்றதா? முதலிற் குழந்தைகள், பின் பெண்கள், ஆண்கள். ஊர்க் கிணறு நிரம்பியது. 200 பேருக்கு மேல் மாண்டனர். 1994-95 இல் அகழ்ந்தபோது 162 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. அவர்களில் 67 பேர் 12 வயது நிரம்பாதவர்.

வேடம், நேரம், பிரித்தடைத்தல், வரிசை — இவற்றில் எங்கே ஒழுங்கு குலைந்தது? வெறிகொண்ட கும்பல் இவ்வளவு முறையாகச் செய்யாது. பயிற்சி தவறியதால் அன்று, பயிற்சி பலித்ததாலேயே அவ்வூர் அழிந்தது.

இந்நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னர், டிசெம்பர் 4 இல், அமெரிக்க சனாதிபதி ரீகன் ஹொண்டுராசில் சர்வாதிகாரி ரியோஸ் மொண்ட்டைச் சந்தித்து, அவர்மீது வீண்பழி சுமத்தப்படுவதாகப் பரிந்து பேசினார். அம்மாத இறுதியில், இராணுவமே இதைச் செய்திருக்கக் கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனுக்கு எழுதியது. 1983 ஜனவரியில் இராணுவத் தளபாட விற்பனைக்கிருந்த தடை நீக்கப்பட்டது. அறியாமல் உதவினோம் என்று இவர்கள் கூற முடியாது.

2011 ஆகஸ்டில் நான்கு முன்னாட் படையினருக்குத் தலா குறைந்தது 6,060 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது: 201 கொலைகளுக்குத் தனித்தனி 30 ஆண்டு, மானிடத்துக்கெதிரான குற்றத்துக்கு 30 ஆண்டு. முப்பதாண்டு காத்திருந்த உறவினரின் உறுதியும், படையிலே சமையற்காரராகச் சென்ற ஒருவர் முதலியோர் மனம் உறுத்திக் கூறிய சாட்சியமும் இதற்குக் காரணமாயின. ஆனால் நரகத்தில் அவனால் முற்றாக எரிக்க முடியாத அந்த மனச்சாட்சி எல்லோரிடமும் எஞ்சவில்லை.

பயிற்சிக்கு ஓய்வூதியம் இல்லை. 2000 இற்குப் பின் மெக்சிக்கோவின் 'சேட்டாஸ்' போதைக் கும்பல் முன்னாட் கைபில்களைத் தன் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. 2011 மே மாதம், அதாவது மேற்சொன்ன தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்னர், லொஸ் கொக்கோஸ் பண்ணையில் 27 கூலித் தொழிலாளர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதற்காகக் கைதானோரில் ஒருவன் முன்னாட் கைபில். அப்பண்ணை இருப்பதும் அதே லா லிபர்ட்டாட்டில்தான். அவனுக்கு எந்தப் பயிற்சி போதவில்லை என்பதை, மேலும் பயிற்சி வேண்டும் என்போர் கூறட்டும்.