நாரி பிடித்தவரைக் கிடத்தி வைக்காதீர்கள்

வெங்காயம் கிண்டுகிற காலத்தில் உரும்பிராய் ஒழுங்கைகளில் நடந்தால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: நாரி. "நாரி பிடிச்சுப்போட்டுது." "நாரி நிமித்தேலாமல் கிடக்குது." செம்பாட்டு மண்ணில் விடியலிலிருந்து குந்தியும் குனிந்தும் நின்ற உடம்பு அப்படித்தான் முறையிடும். அதைக் கேட்டதும் வருகிற மறுமொழியோடுதான் எனக்கு வழக்கு: "அப்ப ஆடாமல் அசையாமல் கிடவுங்கோ."

எங்கள் அயலில் ஒரு அண்ணை, நாற்பத்தெட்டு வயது. பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியை எடுக்கக் குனிந்தார், நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தோளில் தாங்கி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அன்று பின்னேரமே கட்டில் மெத்தை கழன்றது, பலகை வந்தது, பிடித்து எழும்பக் கட்டில் காலில் ஒரு கயிறும் கட்டப்பட்டது. சாப்பாடு தலைமாட்டுக்கு வந்தது. அவர் காலைத் தரையில் வைத்தால் குசினியிலிருந்து மனைவி ஓடி வருவார்: "இஞ்சரப்பா, எழும்பாதேங்கோ!" பார்க்கப் போன நாங்கள் எல்லோரும் அதையே சொன்னோம். நானும் சொன்னேன்.

ஏழாம் கிழமை போனபோது அவர் கிணற்றடிக்கு நடந்துகொண்டிருந்தார். இருபது யார் தூரம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தொடை இளைத்துச் சாரம் வெறும் தடியில் போட்டதுபோலத் தொங்கியது. "நோவு பரவாயில்லைத் தம்பி, கால்தான் என்ரை காலில்லை" என்றார். நாரியில் தொடங்கிய வருத்தத்தை முழு உடம்புக்கும் பரப்பி விட்டிருந்தோம். அவரில் இருந்த அன்பினால்தான் செய்தோம் என்பது எனக்கு இன்னும் கூடிய வேதனை.

'கிடந்தால் மாறும்' என்பதை ஆச்சிமார் சொல்லி வந்த நாட்டு நம்பிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஆச்சிமாருக்குக் கிடக்க எங்கே நேரம் இருந்தது? நொச்சியிலை ஒத்தணம் பிடித்து, எண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த நாளே முற்றம் கூட்டினார்கள். படுக்கையை மருந்தாக்கியது மேல்நாட்டு வைத்தியம்தான். 1863இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் அறுவை வைத்தியர் ஜோன் ஹில்டன், நோவையும் ஓய்வையும் பற்றிய தம் விரிவுரைகளை நூலாக்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் எலும்பும் மூட்டும் நொந்தால் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதை ஒரு சட்டமாகவே ஆக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நாரி நோவுக்காரர் கிழமைக் கணக்கில் கிடத்தப்பட்டார்கள்.

பிறகு அதே வைத்திய உலகம் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தது. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் கூட்டாளிகளும் 203 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கையும் மற்றதற்கு ஏழு நாள் படுக்கையும் சொன்னார்கள். கூடுதலான ஐந்து நாளால் நோவில் ஒரு நன்மையும் இல்லை. இரண்டு நாள் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாமல் நின்ற நாட்கள்தான் 45 வீதம் குறைந்தன. 1995இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர் 186 பேரில் இன்னொரு பரிசோதனை நடந்தது. சிலரைப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மிச்சப் பேரை நோவு விடுகிற அளவுக்கு வழமையான அலுவல்களைப் பார்க்கச் சொன்னார்கள். வழமையான அலுவல் பார்த்தவர்கள்தான் முதலில் தேறினார்கள். கடைசியாகத் தேறியவர்கள் படுத்தவர்கள்.

ஆக, வைத்தியர்கள் தந்த சீட்டை வைத்தியர்களே திரும்ப வாங்கிவிட்டார்கள். தந்த செய்தி எங்கள் படலை தாண்டி உள்ளே வந்தது. திரும்ப வாங்கிய செய்தி பலாலி வீதிச் சந்தியிலேயே நின்றுவிட்டது.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1966இல் டல்லாஸ் நகரில் இருபது வயதுச் சுகதேகிகள் ஐந்து பேரை மூன்று கிழமை படுக்கையில் வைத்தார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு அதே ஐந்து பேரையும் மீண்டும் சோதித்தார்கள். அந்த மூன்று கிழமை அவர்களுடைய உடலின் வேலைத்திறனைக் குறைத்த அளவுக்கு முப்பது வருட வயது குறைக்கவில்லை. எங்கள் அண்ணை கிடந்தது ஆறு கிழமை.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டுக்கு, அதாவது 'டிஸ்க்'குக்கு, வளர்ந்த பிறகு நேரடியான இரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவரும் சத்தில்தான் அது பிழைக்கிறது. நடக்கும்போதும் நிமிரும்போதும் அது அமுங்கி விரிகிறது, நீர் வெளியே போய் உள்ளே வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடாத பாத்தி என்னவாகும் என்று தோட்டக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அண்ணை, றிப்போட்டிலை டிஸ்க் தேஞ்சிட்டுது எண்டு போட்டிருக்கே?" என்று கேட்பார்கள். காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் ஸ்கான் உறையைப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கான் படங்களைத் தொகுத்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. இருபது வயதுக்காரரிலேயே 37 வீதமானவர்களுக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 வீதம். தலைமயிர் நரைப்பதைப் போல அதுவும் வயதின் அடையாளம். நரை விழுந்தது என்று யாரும் பாயில் விழுவதில்லை. 'தேய்மானம்', 'விலகிப்போச்சு' என்ற சொற்களை விளக்கம் சொல்லாமல் நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் பக்கத்து மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் தந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, முதுகைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் விளங்கச் சொல்ல ஏலாது என்பது சாட்டு.

பெல்ற் கட்டுவதும் இதே நம்பிக்கையின் பிள்ளைதான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கான வழிகாட்டலை வெளியிட்டது. பெல்ற்றையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது அது. வேண்டும் என்று சொல்வதில் முக்கியமானவை உடற்பயிற்சியும் விளக்கமும்.

உடற்பயிற்சி என்றதும் எங்கள் ஊரில் ஒரு சிரிப்பு எழும். "தோட்டக்காரனுக்கு என்ன பயிற்சி? கொத்திறது காணாதோ?" காணாது. கொத்துவது வேலை, அது முடியும் மட்டும் உடம்பு ஒரே பக்கம் வளைந்தே நிற்கும், நொந்தாலும் நிறுத்த முடியாது. பயிற்சி உடம்பை மற்றப் பக்கமும் கொண்டுபோகும்; அளவும் வேகமும் உங்கள் கையில். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவி, ஈர்க்குமாற்றால் குனிந்து முற்றம் கூட்டுகிற பெண்ணுக்கும் இதுதான். நாள் முழுக்க ஓட்டோவில் இருக்கும் தம்பிக்கும், தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் தங்கச்சிக்கும் இன்னும் கூடத் தேவை.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களோடு பேசுவது கடினம், ஏனென்றால் அவர்கள் பாசத்தால் பேசுகிறார்கள். "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ, நான் காசு அனுப்பிறன், ஆள் வைச்சுக்கொள்ளுங்கோ" என்று ரொறன்ரோவிலிருந்து மகன் சொல்கிறான். அம்மா கதிரையில் இருக்கத் தொடங்குகிறா. ஒரு வருடத்தில் கதிரையை விட்டு எழும்பவே ஆள் தேவைப்படுகிறது. தம்பி, காசை அனுப்பு, ஆனால் "இண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்தியள்?" என்றும் கேள்.

எங்கள் அண்ணையை மீட்டது ஒரு இயன் மருத்துவர் சொல்லிக்கொடுத்த எளிய அசைவுகள். பாயில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுப் பக்கம் மெல்ல இழுத்து விட்டார், பிறகு மற்றதை. குப்புறப் படுத்து முழங்கையில் ஊன்றித் தலையையும் நெஞ்சையும் கொஞ்சம் நிமிர்த்தினார். முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணினார். நாலு காலில் நின்று பூனைபோல முதுகை வளைத்து இறக்கினார். முதல் நாள் ஒவ்வொன்றும் மூன்று தடவை. மூன்றாம் தடவையில் முகம் சுழித்து, "நோகுது, என்னவோ முறியுது" என்றார். முறியவில்லை. பல நாள் கிடந்த தசை அசையும்போது கொஞ்சம் நோகும். அந்த நோவு காயம் அல்ல. நோவு காலுக்குள் இறங்கிக் கூடினால் மட்டும் அந்த அசைவை விட்டுவிட வேண்டும். அதோடு நடை: முதலில் படலை வரை, பிறகு ஒழுங்கை முகப்பு வரை, ஒரு மாதத்தில் கோயில் வீதியைச் சுற்றி. அடுத்த போகத்துக்குத் தோட்டத்தில் நின்றார். இப்போதும் இடைக்கிடை பிடிக்கும். பிடித்தால் அவர் படுப்பதில்லை, நடக்கிறார்.

திரும்பி வருவதுதான் இந்த நோவின் குணம். அதற்கும் நடையே தடுப்பு. அவுஸ்திரேலியாவின் மக்குவாரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாரி நோவிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இயன் மருத்துவரின் வழிகாட்டலோடு நடை பழக்கினார்கள். மெல்ல மெல்லக் கூட்டிக் கிழமைக்கு ஐந்து நாள், முப்பது நிமிடம் என்பது இலக்கு. 2024இல் முடிவு வந்தது: அலுவலைக் கெடுக்கிற நோவு திரும்பி வர, நடந்தவர்களுக்கு இடையக் கணக்கில் 208 நாள் சென்றது, மற்றவர்களுக்கு 112 நாள்.

எல்லா நாரி நோவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சலம் போக முடியாமல் அல்லது தெரியாமல் போனாலோ, இருக்கும் இடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ, காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேர்ந்து வந்தாலோ, விழுந்தபின் வந்தாலோ, முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதில் முதல் மூன்றுக்கும் அன்றைக்கே. இவை சிலருக்குத்தான் வரும். பெரும்பாலானவர்களின் நாரி நோவுக்குப் பயங்கரமான காரணம் எதுவும் இல்லை.

எண்ணெய் பூசுங்கள், ஒத்தணம் பிடியுங்கள். சூடு நோவைத் தணிக்கும். தணிந்த கையோடு எழும்புங்கள். முதல் நாள் தாங்க ஏலாமல் கொஞ்ச நேரம் சரிந்தால் குற்றமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது நாலாம் நாளும் கட்டிலில் கிடந்தால், தயவுசெய்து சாப்பாட்டைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கையைப் பிடித்து எழுப்பிக் கிணற்றடி வரை கூட்டிப்போங்கள்.