பழைய சாலைக்கும் ஒரு பெயர் வேண்டும்

மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்

பூவத்தில் பிறந்தவனுக்கு எல்லை என்பது பாடநூலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் சொல்லன்று. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, இப்பால் புதுவை. அப்பால் தரங்கம்பாடியில் 1620இல் வந்திறங்கிய டேனியர் 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இப்பால் காரைக்காலுக்கு 1739இல் வந்த பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் முதல் நாள்தான் ஆட்சியை ஒப்படைத்தார்கள். கொடிகள் போயின, கோடு மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கோட்டைச் சட்டை செய்யாமல் நாள்தோறும் கடந்து போவது எங்கள் ஊர்ச் சாலை ஒன்றுதான். வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி, காரைக்கால், திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் என்று போய் நாகூரில் மீண்டும் தமிழ்நாட்டில் நுழைகிறது.

இந்தச் சாலைக்கு என்ன பெயர்? எங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் 'மெயின் ரோடு' என்பார்கள். பேருந்து நடத்துநரைக் கேட்டால் 'நாகப்பட்டினம் ரோடு' என்பார், வண்டி தெற்கே போனால்! அரசாங்கத்தின் கணக்கில் இது நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 45ஏ. அதாவது 45ஆம் எண் சாலையிலிருந்து விழுப்புரத்தில் பிரிந்து வந்த கிளை. 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றினார்கள். வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காக ஓடுவனவற்றுக்கு ஒற்றைப்படை எண். இரட்டைப்படை எண்கள் கிழக்கிலிருந்து மேற்காகக் கூடிக்கொண்டு போகும். நல்ல முறைதான், குறை சொல்வதற்கில்லை. அவ்வாறு நம் சாலை 32 ஆயிற்று; கிளை என்ற நிலை போய், சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை செல்லும் நெடுஞ்சாலையின் அங்கமாயிற்று.

ஆனால் எண் மாறியது யாருக்குத் தெரியும்? 2021 பிப்ரவரியில் சட்டநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம்வரை 56 கிலோமீட்டர் நாற்கரச் சாலைக்குப் பிரதமர் புதுவையில் அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 2,426 கோடி ரூபாய்த் திட்டம். அப்போது வெளியான அரசுச் செய்திக்குறிப்பிலேயே '45ஏ' என்றுதான் இருந்தது! பதினோர் ஆண்டுகள் கழித்தும் புதிய பெயர் தில்லிக்கே நாவில் படியவில்லை என்றால், எங்கள் பாட்டி 'மெயின் ரோடு' என்று சொல்வதில் என்ன பிழை?

நண்பர்களே, நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. நாற்கரச் சாலை காரைக்கால் நகருக்குள் வராது; ஒதுங்கிச் செல்லும். அதை நான் வரவேற்கிறேன். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரிகளும் பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டிகளும் ஒரே சாலையில் முண்டியடிக்க வேண்டும் என்று யார்தான் விரும்புவார்? நான் கவலைப்படுவது பழைய சாலைக்காக. புறவழி வந்தபின் ஊருக்குள் இருக்கும் பகுதி தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதியை இழந்து உள்ளூர் அரசின் கைக்கு வருவது நம் நாட்டு வழக்கம். பிற ஊர்களில் வாங்கிக்கொள்ள ஓர் அரசு இருக்கும். இங்கே நண்டலாற்றுக்கு வடக்கே ஓர் அரசு, தெற்கே மற்றோர் அரசு, வாஞ்சூருக்கு அப்பால் மறுபடி முதல் அரசு. ஒரே சாலை மூன்று துண்டாகி, துண்டுக்கொரு பெயரும் துண்டுக்கொரு பராமரிப்பும் பெறும். பாலத்து நடுவே குழி விழுந்தால் அது யாருடைய குழி?

பெயரில் என்ன இருக்கிறது என்று நம் பேராசிரியர்கள் சிலர் சிரிக்கக்கூடும். 2017ஐ நினைவுபடுத்துகிறேன். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உடனே என்ன நடந்தது? சண்டிகரில் நகரச் சாலைகளை 'மாவட்டச் சாலை' என்று மறுபெயரிட்டார்கள். தார் அதே தார், வளைவு அதே வளைவு. பெயர் மாறியதும் கடை பிழைத்தது. நகராட்சி எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் நீதிமன்றமும் விளக்கம் தந்தது. எல்லையோர ஊர்க்காரனான எனக்கு இந்த வாணிகத்தின் பெருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மதுக்கடைக்காகப் பெயர் மாற்ற முடிந்த நாட்டில், மளிகைக்கடைக்காகவும் டீக்கடைக்காகவும் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியாதா?

அமெரிக்காவில் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். பெருஞ்சாலை ஊரைவிட்டு விலகினால், ஊருக்குள் செல்லும் பழைய வழிக்கு அதே எண்ணைக் கொடுத்து 'பிசினஸ்' என்று முன்னால் சேர்த்துவிடுகிறார்கள். பெருஞ்சாலைக்குச் சிவப்பும் நீலமும் கலந்த சின்னம்; வணிக வழிக்குப் பச்சைச் சின்னம். கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் 1980களின் தொடக்கத்தில் 80ஆம் எண் சாலையை நகருக்கு வடக்கே மாற்றியபோது, பழைய சாலை 'பிசினஸ் 80' ஆயிற்று. அதன் ஒரு பகுதிக்கு மாநில ஏட்டில் 51 என்று வேறோர் எண் உண்டு. ஆனால் அதைப் பலகையில் எழுதுவதில்லை. ஏட்டில் எது இருந்தாலென்ன, புதிதாக வருபவன் வழி தவறாமல் ஊருக்குள் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி பெருஞ்சாலையில் ஏறிவிடுகிறான்.

நம் சட்டத்தில் 'வணிக வழி' என்றொரு வகை இல்லை. இல்லாவிட்டாலும் இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி, தரங்கம்பாடி முதல் நாகூர்வரை ஒரே பெயர் வைப்பதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? 'பழைய 32' என்றே வைக்கட்டும். பராமரிப்புச் செலவை நீளத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளட்டும். புறவழி பிரியும் இரு முனைகளிலும் பலகை நாட்டட்டும். அதில் 'காரைக்கால்' என்று மட்டும் எழுதினால் போதாது. வடக்குப் பலகையில் 'பூவம் வழியாக' என்றும், தெற்குப் பலகையில் 'வாஞ்சூர் வழியாக' என்றும் எழுத வேண்டும். இரவிலும் தெரியும்படி எழுத வேண்டும்.